சேரும் நேரத்தோடு பயண நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய விமான சேவை பற்றிய செய்திகளில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் மட்டுமே வருகின்றன. இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்ற ஒரு வரி விட்டுப்போவதால், முதன்முறை வெளிநாடு போகிறவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு அதுதான் பயண நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம். நேர்க்கோட்டில் இரண்டுமே 2,900 கி.மீ.க்குச் சற்று மேல். காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் மாலை 4.45க்கு இறங்கும் என்றும், துபாயில் பகல் 12.50க்கு இறங்கும் என்றும் அட்டவணை சொன்னால், முன்னது ஆறே முக்கால் மணி, பின்னது மூன்று மணிகூட இல்லை என்று தோன்றும். உண்மையில் இரண்டும் நாலே கால் மணியை ஒட்டிய பயணங்கள்தான். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது, அதைக் கழிக்க வேண்டும். துபாய் ஒன்றரை மணி பின்னே, அதைக் கூட்ட வேண்டும். கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் நம் நேரமே.

தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து எழுதுவதும் சரிவராது. மணிக்கு 830 கி.மீ. என்று வைத்தால் மூன்றரை மணிதான் வரும். ஆனால் அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, வான்வழிகள் நேர்க்கோடாக அமையாதது எல்லாம் அதில் சேரும். காற்றும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மேற்கிலிருந்து பலமாக வீசும் மேல்காற்றை எதிர்த்துத்தான் துபாய் விமானம் போகிறது. அதே காற்று திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளுவதால் வரவு சீக்கிரம் முடிகிறது. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிட வேண்டாம்.

தூரத்தை மைலில் எடுக்கும்போதும் கவனம் தேவை. விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், 1.852 கி.மீ. சென்னை – சிங்கப்பூர் சுமார் 1,570 கடல் மைல். அதைச் சாதாரண மைலாக நினைத்து 1.609ஆல் பெருக்கினால் 380 கி.மீ. வரை காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பணத்தை விழுங்குவது நள்ளிரவு விமானங்களின் தேதிதான். '12ஆம் தேதி இரவு 12.30' என்று செய்தியில் வந்தால், 12ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். அந்த விமானம் முதல் நாள் இரவே போயிருக்கும். பயணி 11ஆம் தேதி இரவு 9.30க்கு விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். தவறவிட்ட சீட்டுக்குக் கட்டணம் அநேகமாகத் திரும்பாது. புதுச் சீட்டுதான் எடுக்க வேண்டும்.

எனவே '11ஆம் தேதி நள்ளிரவு கடந்து 12.30 (12ஆம் தேதி 00.30)' என்றும், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் 'உள்ளூர் நேரம், பயணம் 4 மணி 15 நிமிடம்' என்றும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விமானப் பயணச்சீட்டு முன்பதிவுத் துறையில் பணிபுரியும் வாசகர்,
சென்னை.