தாத்தா கடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் மக்களுக்கு,

பழுதுபார்த்த தாத்தா கடையின் பலகைக் கதவுகளை அடுத்த வாரம் கழற்றி வைத்து, கடையைத் திரும்பவும் திறக்கப்போகிறோம். அதற்குள் இந்த மடல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

கடைக்கு வயது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய கட்டடங்களுக்குத்தான் செல்லுபடியானது. தாத்தா அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்த வாடகைக்காரர். அப்படியென்றால், அதே 1948 ஜூனில் இந்த வட்டாரத் தோட்டத் துரைமார்கள் மூவர் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது, இந்தச் சுவர்கள் நின்றுகொண்டிருந்தன. 1997இல் சட்டம் ரத்தானது, கெடு முடிந்த 2000இல் வாடகைகள் ஏறின. எங்கள் சீன வீட்டுக்காரக் குடும்பம் மட்டும் ஏற்றவில்லை. பிற்பாடு எங்களுக்கே விற்றார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

அப்புறம் நாங்கள் செய்த கூத்து. சுவருக்குப் பளபளவென்று சிமெண்ட் பூசினோம். இரண்டே மழைக்காலம், அப்பளமாகப் பெயர்ந்தது. சுவரைத் தட்டிப் பார்த்துக் காரணம் சொன்னவர் ஈப்போவிலிருந்து வந்த கொத்தனார் அங்கிள். பழைய செங்கல் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிட்டதாம். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு குழைத்து, மெல்லிசாகப் பூசினார். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. வெயில் அவசரப்படுத்தாமல் இருக்க ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். கருப்பட்டி சேர்க்க வேண்டாமா என்று அத்தை கேட்டதற்கு, "பலகாரமா சுடுறோம்?" என்றார். சாக்குகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிய தோட்டத்து அண்ணன்மார்களுக்கும் நன்றி.

உத்தரத்துக்குச் செங்ஙால் என்ற உறுதியான மரத்தைத் தேடித் தந்த மலாய்த் தச்சர் பாக்சிக்கிடம் (மலாயில் மாமா) ஒரு மன்னிப்பும் உண்டு. பட்டியலில் நான் 'செங்கல்' என்று எழுதிவிட்டேன்.

சம்பள நாள் வரை கடனுக்குக் கொடுத்த கடை இது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் 555 என்ற சின்னக் கடன் கணக்குப் புத்தகத்தில் ஏறும். வெளுத்துப்போன அப்படியொரு புத்தகத்தோடு ஓர் அக்கா வந்தார். அவருடைய அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துப் பாக்கி, 14 வெள்ளி 30 காசு. சில்லறையாக எண்ணி வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அம்மா கடைசிப் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் 555 வைத்திருக்கும் மற்றவர்கள் பயப்படாமல் வாருங்கள். காப்பிதான் தருவோம், கணக்குக் கேட்க மாட்டோம்.