பிளாஸ்திரிக் கோடு: புராஜெக்ட் மதிப்பாய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும் இறுதியாண்டு புராஜெக்ட் மதிப்பாய்வுக் குழுவின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை நடந்த முதல் ரிவ்யூவில் எங்கள் குறிக்கோள் தாள் ‘புதுமை போதாது’ என்ற சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது. செயற்கை நுண்ணறிவு, கிளவுட், மொபைல் செயலி ஆகிய மூன்றில் இரண்டையாவது சேர்த்து, குறிக்கோளை மாற்றி எழுதிவரப் பணித்திருக்கிறீர்கள். அதை மாற்றாமல் எழுதியபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நாங்கள் எழுதியது ஒரே வாக்கியம்: ‘டிரிப்ஸ் பாட்டிலில் 50 மில்லி மீதமிருக்கும்போதே, அது எந்தக் கட்டில் என்பதை இரவு டியூட்டி செவிலியர் தம் மேஜையில் இருந்தபடி அறிய வேண்டும்; அதற்காக அவர் கைக்குப் புதிதாக ஒரு வேலையும் சேரக் கூடாது.’

அந்த 50 மில்லி எங்கிருந்து வந்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. தாங்கள் கையெழுத்திட்டுத் தந்த அனுமதிக் கடிதத்தோடுதான் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் இரண்டு இரவுகள் இருந்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டில்களுக்கு ஒரே சிஸ்டர். மகனின் கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, அண்ணாந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலின் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டு பிளாஸ்திரி. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் கூப்பிடச் சொல்லி சிஸ்டர் ஒட்டிவிட்டுப் போனது. இரவு இரண்டு மணி இருக்கும், அந்த அம்மா எங்களில் ஒருவரை அழைத்து, “தம்பி, இதைக் கொஞ்சம் பாத்துக்கிறியா? சாயங்காலத்துலேருந்து பாத்ரூம் போகலை” என்றார். முந்தின இரவு கண்ணயர்ந்துவிட்டாராம். பாட்டில் தீர்ந்து, டியூபில் ரத்தம் ஏறி, ஊசி அடைத்துக்கொண்டதால் மகனுக்கு மறு கையில் குத்த வேண்டியதாயிற்றாம். அதைத் தாம் செய்த குற்றம்போலச் சொன்னார். அந்தப் பிளாஸ்திரி இருந்த உயரம்தான் எங்கள் தாளில் 50 மில்லி ஆயிற்று.

500 மில்லி பாட்டிலை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய் செட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு விழ வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் நோயாளி கையை மடக்கினாலோ புரண்டு படுத்தாலோ வேகம் மாறிவிடுகிறது. கடிகாரத்தை நம்ப முடியாது, எடையைத்தான் நம்ப வேண்டும் என்று கண்டுகொண்டு, பாட்டில் தொங்கும் கொக்கியிலேயே எடையை உணரும் லோட் செல்லைப் பொருத்தத் தீர்மானித்தோம். செயலி வேண்டாம் என்று நாங்கள் சொன்னது சோம்பலால் அல்ல: அந்த சிஸ்டரின் செல்போன் டியூட்டி முடியும்வரை கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை. கட்டிலருகே அலாரம் அடித்தால், அப்போதுதான் தூங்கிய பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொள்வார். ஆகவே மேஜைமேல் கட்டில் எண்ணோடு ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்பதும் சிஸ்டர் சொன்னதுதான்.

‘இது ஏற்கெனவே செய்தாயிற்று’ என்றார் குழு உறுப்பினர் ஒருவர். மறுக்கவில்லை. நம் துறை நூலக அலமாரியில் டிரிப்ஸ் அலாரம் பற்றி மட்டும் நான்கு புராஜெக்ட் அறிக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் செயலி உண்டு, இன்னொன்றில் கிளவுடும் உண்டு. நாங்கள் போன வார்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அலமாரிக்கு டிரிப்ஸ் ஏற்றுவதாக இருந்திருந்தால் அவை நன்றாகவே பயன்பட்டிருக்கும். கல்லூரியின் தரவரிசைக்குக் காப்புரிமை எண்ணிக்கை வேண்டியிருப்பதும், ‘எடை குறைந்தால் விளக்கு எரியும்’ என்பதற்கு அது கிடைக்காது என்பதும் எங்களுக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த எண்ணிக்கைக்காக வருடாவருடம் அதே பிளாக் டயகிராமுக்குப் புதுப் பெயர் சூட்டுவதை எப்படிப் புதுமை என்பது? வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில், குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான ‘எம்ப்ரேஸ்’ பையின் கதையைச் சொன்னவர்கள் தாங்கள்தானே. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குத் தரப்பட்ட வேலை, குறைந்த விலையில் இன்குபேட்டர் செய்வது. அவர்களில் ஒருவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோது மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைப்பிரசவக் குழந்தைகளோ தொலைவிலுள்ள கிராமங்களில் பிறந்து, நகரத்தை எட்டாமலே இறந்துகொண்டிருந்தன. குறிக்கோள் அங்கே மாறியது. மெழுகு போன்ற பொருளை உருக்கி வைத்து, குழந்தையை 37 டிகிரி வெப்பத்தில் காக்கும் சிறு பை பிறந்தது. அவர்களும் குறிக்கோளை மாற்றினார்கள்தான், ஆனால் நேரில் போய்ப் பார்த்த பிறகு. எங்களை மாற்றச் சொல்வது ரிவ்யூ அறையில் இருந்துகொண்டு.

ஆகவே, எங்கள் குறிக்கோளை எழுதியபடியே ஏற்றுக்கொள்ளுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். புதுமைக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதமே. இன்னுமொரு வேண்டுகோள்: இரண்டாம் ரிவ்யூவில் அந்த சிஸ்டருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். வருகிற புதன்கிழமை அவருக்கு விடுப்பு நாள். காலை 11 மணிக்கு மேல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாற்ற வேண்டுமென்று அவர் சொன்னால், அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாணவர்கள்,
குழு எண் 14, இறுதியாண்டு,
உயிர்மருத்துவப் பொறியியல் துறை