பழைய கன்டெய்னர் இமேஜ்கள் நீக்கம்: வெள்ளி இரவுக்குள் பதில் தேவை

குன்னூர், கோத்தகிரி, உதகை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது மழையளவுப் பதிவு மென்பொருளின் பழைய கன்டெய்னர் இமேஜ்களை (மென்பொருளையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளை) 18ஆம் தேதி சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நீக்க உள்ளோம். இவற்றைச் சேமித்துப் பகிரும் தளமான டாக்கர் ஹப் 2020 நவம்பரில் இலவசப் பயன்பாட்டுக்குப் பதிவிறக்க வரம்பு விதித்தது. 2023 மார்ச்சில் இலவசக் குழுக் கணக்குகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அம்முடிவைக் கைவிட்டது. இலவச இடம் என்றைக்கும் அப்படியே இருக்கும் என நம்பி ஒரே களஞ்சியத்தில் எல்லாவற்றையும் வைப்பது சரியல்ல என்பதால், கிட்ஹப் கன்டெய்னர் களஞ்சியத்திலும் ஒரு பிரதி வைக்கிறோம்.

1. நீங்கள் பயன்படுத்தும் டேக்கின் (இமேஜின் பதிப்பைக் குறிக்கும் அடையாளத்தின்) பெயரை வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

2. வெளியீட்டு எண் கொண்டவை நீக்கப்படமாட்டா. 30 நாள் கடந்த தினசரி பில்டுகள் (நாள்தோறும் உருவாக்கப்படும் இமேஜ்கள்) மட்டுமே நீக்கப்படும்.

3. டேக் இல்லாமல் தெரியும் இமேஜ்களை யாரும் தாமாக அழிக்க வேண்டாம். இன்டெல், ஆர்ம் ஆகிய இரு செயலி வகைகளுக்கும் சேர்த்து வெளியிடும் இமேஜில் ஒவ்வொரு வகைக்குமான பகுதி அப்படித்தான் பட்டியலில் நிற்கும். அதை அழித்தால் டேக் இருந்தும், எஸ்டேட்டுகளில் ஓடும், ஆர்ம் வகையைச் சேர்ந்த ராஸ்பெரி பை சிறு கணினிகளுக்கு இமேஜ் இறங்காது. குப்பை போலத் தோன்றுவதால் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

4. டாக்கர் ஹப்பிலிருந்து இறக்குவோர் கணக்கில் நுழைந்து இறக்கவும். நுழையாதவர்களுக்கான வரம்பு ஐபி முகவரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒரே இணைப்பைப் பகிரும் கல்லூரி ஆய்வகத்தில் அது விரைவில் தீர்ந்துவிடும்.

தினசரி பில்டுகளில் பதில் வராத டேக்குகள் தேவையற்றவை எனக் கொள்ளப்படும்.

– ஒருங்கிணைப்பாளர்