கையில் எழுதிய மணி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், பேசுகிறாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு ஓடினேனே தவிர, ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. உங்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் மச்சினிக்கு. அக்காவும் தங்கையும் தினமும் விடிந்ததும் விடியாததுமாகப் போனில் பேசிக்கொள்வார்கள். "ராத்திரி பேசி வைத்ததற்கும் இப்போதைக்கும் நடுவில் அப்படி என்னதான் நடந்துவிட்டது?" என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தவன் நான். அந்தப் பேச்சுதான் அன்றைக்குக் கைகொடுத்தது.

நான் குளித்துவிட்டு வந்தபோது என் மனைவி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். சீப்பு மேசையில் கிடந்தது. விரல்கள் அதைத் தொடுகின்றன, பிடிக்கவில்லை. மறுபடி தொடுகின்றன, நழுவுகிறது. "என்னம்மா?" என்றேன். திரும்பினாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொன்னாள், வார்த்தையாக வரவில்லை. பிரஷர் இறங்கியிருக்கும், கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

என் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, நான் நீட்டிய தண்ணீர் டம்ளரைப் பிடுங்கி வைத்தார். "விழுங்க வராது தம்பி, புரையேறிடும்." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். இடது கை நின்றது. வலது கை மெல்ல மெல்லச் சரிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காவே அவள் போனை எடுத்துப் பார்த்தார். தங்கையோடு பேசி முடித்தது 6.52. விடாமல் மச்சினியையும் கூப்பிட்டு, பேச்சில் குழறல் இருந்ததா என்று கேட்டார். இல்லை, வைக்கும்வரை தெளிவாகத்தான் பேசினாள் என்றது பதில். உடனே, எழுதிக்கொள்ள நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பழைய ரசீதைத் தள்ளிவிட்டு, இடது உள்ளங்கையைப் பிடித்துப் பேனாவால் 6.52 என்று எழுதினார். "யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்க." பேனாவையும் என் கையிலேயே திணித்துவிட்டார்.

கேட்டார்கள். ஆம்புலன்ஸ் தம்பி கேட்டார், அவசரப் பிரிவு நர்ஸ் கேட்டார், டாக்டர் கேட்டார். ஒவ்வொரு முறையும் கையை விரித்துக் காட்டினேன். காரணம் அப்புறம்தான் புரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நாலரை மணி நேரம் நாம் கண்டுபிடித்த நிமிஷத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

ஆம்புலன்ஸ் தம்பிகள் இருவருக்கும், மூன்று மாடி அவளை நாற்காலியோடு இறக்க முதுகு கொடுத்த கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருக்கிறதே என்று நான் கத்தினேன். "அங்க சிடி ஸ்கேன் இல்ல சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, போகும் வழியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தயாராக இருக்கச் சொன்னார் ஒருவர். சர்க்கரை குறைந்தாலும் இப்படி வரலாமாம், அதற்காக ஒரு விரலில் குத்திப் பார்த்தார். அதே நேரத்தில் ஒரு உறவினர் போனில், பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் போதும், வாட்ஸ்அப்பில் வந்தது என்றார். அவருக்கும் பாசம்தான். ஆனால் அக்கா மட்டும் வந்திருக்காவிட்டால் நான் குத்தியிருப்பேன்.

போனதும் நேராக ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கசிவு என்றால் அதே ஊசி ஆளையே கொன்றுவிடலாம். அடைப்புதான் என்று தெரிந்ததும் நர்ஸ் அவள் எடை எவ்வளவு என்று கேட்டார், மருந்தின் அளவு அதைப் பொறுத்ததாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் சொல்லாத ஒரே விஷயம் அது. கட்டிலோடு நிறுத்துப் பார்த்துக்கொண்டார்கள். 8.41க்கு மருந்து ஏற ஆரம்பித்தது.

அதன்பிறகு கால்மணிக்கு ஒருமுறை வந்து பிரஷர் பார்த்து, "கையத் தூக்குங்கம்மா" என்ற அந்த நர்ஸ் அம்மாவை மறக்க முடியாது. ஒரு ஸ்பூன் தண்ணீரை அவள் வாயில் விட்டு, தொண்டையில் விரல் வைத்து, இருமுகிறாளா என்று காத்திருந்தது அவர்தான். இருமவில்லை. எனக்குத்தான் மூச்சு நின்றிருந்தது.

பையனை இரண்டு வாரம் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கும், கேட்காமலே என் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும் நன்றி. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்குத் தனியாக ஒரு கும்பிடு, அவருடைய பொறுமையில் பாதி எனக்கு இல்லை.

இன்னும் சில வார்த்தைகள் இடம் மாறித்தான் வருகின்றன. இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "அக்காவோட சீப்பக் குடுத்துட்டீங்களா?" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டு, கொஞ்சம் தேடி, "பேனா" என்றாள்.

இல்லை, அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அக்கா, சாயங்காலம் நாங்கள் இரண்டு பேருமே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
மூன்றாம் மாடிக்காரன்