மூலத்துக்கு ஒரே ஊசி என்னும் சுவரொட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூரில் பேருந்து ஏறப் போகிற யாரும் இந்தச் சுவரொட்டியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் குணம், கீழே ஒரு செல்போன் எண். டாக்டர் பெயர் இருந்தால் படிப்பு இருக்காது, படிப்பு இருந்தால் பதிவு எண் இருக்காது. பொது இடத்துச் சுவரில் கண்டதையும் ஒட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது, கடலூரும் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனாலும் மழையில் கிழிந்தால் மறுவாரம் புதுசு ஒட்டிவிடுகிறார்கள்.

நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, அப்புறம் வார்டுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சதை வெந்து அழுகி, புண் ஆறும்போது தழும்பு இறுகி, ஆசனவாயே சுருங்கிப்போய், வெளிக்குப் போவதே நரகமாகிவிடும். முதலிலேயே வந்திருந்தால் உணவு ஆலோசனையும் மருந்துச் சீட்டுமாக வீடு திரும்பியிருப்பார்கள். டாக்டர்களும் தொடக்க நிலை மூலத்துக்கு ஊசி போடுவதுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இன்ன மருந்து, இவ்வளவு அளவு, இந்த இடம் என்று உள்ளே சிறு குழாய் வைத்துப் பார்த்துப் போடுவது. ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டால், "அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க சிஸ்டர்" என்பார்கள். சுவரொட்டிக்காரருக்கு இந்த வெட்கம்தான் மூலதனம்.

மூலம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. ஆசனவாயின் உட்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் சேர்ந்த மெத்தை போன்ற திசு எல்லோருக்கும் உண்டு. நாள்பட்ட மலச்சிக்கல், முக்கி முக்கிப் போவது, கர்ப்ப காலத்து அழுத்தம், இவற்றால் அது வீங்கிச் சரிகிறது. உள்மூலம் இருக்கும் இடத்தில் வலி உணர்வு கிடையாது, அதனால் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் சொட்டினாலும் வலிக்காது, வலிக்கவில்லையே என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கத்தியால் கீறியது போல வலித்தால் பெரும்பாலும் அது ஆசனவாய்த் தோலில் விழுந்த வெடிப்பு. திடீரென்று வெளியே நீலக் கட்டியாகப் புடைத்து உட்கார முடியாமல் போனால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கு முதல் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போவது நல்லது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழுந்து சீழ் வடிந்தால் பவுத்திரமாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ரத்தத்தோடு எடை குறைவது, மலம் போகும் வழக்கம் மாறுவது என்று ஏதாவது இருந்தால் குடல் புற்றுநோய் இல்லை என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'மூலச்சூடு' என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு கோழிக்கறியையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்?

கருணைக்கிழங்கு மசியல் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அது மட்டும் ரத்தத்தை நிறுத்திவிடாது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, வாழைத்தண்டு, அவரை, கேழ்வரகு, கொய்யா என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் வந்துவிடும். இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமி எடுத்தால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, இல்லாவிட்டால் மலம் இன்னும் இறுகும். கழிப்பறைக்குள் செல்போன் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்காருவது நல்ல சுகம் தரும், அதில் டெட்டால் ஊற்றாதீர்கள், எரிச்சல்தான் மிச்சம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தடவக் கூடாது. இதிலெல்லாம் அடங்காத உள்மூலத்துக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டுவார்கள், மயக்க மருந்தில்லாமல் வெளிநோயாளிப் பிரிவிலேயே முடிந்துவிடும், சில நாளில் மூலம் சுருங்கி வளையத்தோடு தானே உதிர்ந்துவிடும். ஆபரேஷன் என்பது முற்றியவர்களுக்குத்தான்.

பெண்கள் நிலைமைதான் மோசம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் குறைத்துவிட்டு, கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்? மீன் விற்கிறவர்களும் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்களும் கழிப்பறை வசதி இல்லாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை, அதோடு மாதக்கணக்கில் இப்படியும் ரத்தம் போனால் உடம்பில் என்ன மிஞ்சும்?

மாநகராட்சி அந்தச் சுவரொட்டிகளைக் கிழிக்கட்டும், அதில் இருக்கும் செல்போன் எண்களைச் சுகாதாரத் துறையிடமும் காவல்துறையிடமும் கொடுக்கட்டும். கிழித்த இடத்திலேயே, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், எந்த நாளில் பெண் டாக்டர் பார்ப்பார் என்று எழுதிப் போட்டால் நல்லது. அப்புறம், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, கூட்டத்துக்கு நடுவில் "மூலம் கேஸ் யாரும்மா?" என்று கத்திக் கூப்பிட வேண்டாம், டோக்கன் நம்பரைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்