கிளைத் தலைவருங்களுக்கும் சங்கச் செயலாளருங்களுக்கும்: நல்லத மட்டும் பொறுக்கிக் குடுக்காதீங்க

மதிப்புக்குரிய கிளைத் தலைவர், செயலாளர் ஐயாமார்களே, மகளிர் பகுதி அக்காமார்களே, வணக்கம். மஇகா, ஜசெக, பிகேஆர், பிஎஸ்எம்னு நம்ம மலேசியக் கட்சிங்க, தோட்டத் தொழிலாளர் சங்கம்னு யாருக்கும் தனித்தனியா எழுதல, எல்லாருக்கும் இதே மடல்தான், ஏன்னா இந்த விஷயத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்துக்கறீங்க.

நான் கோலாலம்பூர்ல ஒரு கடைவீட்டு மாடியில இருக்கற சின்ன ஆவணக் கூடத்துக்கு சனிக்கிழமைகள்ல போய் வேலை செய்ற ஆளு. சம்பளம்லாம் இல்ல, அங்க யாருக்குமே இல்ல. தேர்தல் போஸ்டர், சங்க நோட்டீஸ், மறியல்ல தூக்கின அட்டை, சைக்ளோஸ்டைல் பண்ணின கைப்பிரதி, இதெல்லாம் வந்தா தூசி தட்டி, எந்த வருஷம்னு கண்டுபிடிச்சு, ஸ்கேன் பண்ணி, ஃபோல்டர்ல போட்டு வைப்போம்.

நீங்க குடுக்கறதே இல்லன்னு சொல்ல வரல. கேட்டா குடுக்கறீங்க. ஆனா என்ன குடுக்கறீங்க? கண்ணாடி போட்ட தலைவர் படம், பொன்விழா மலர், அமைச்சர் வாழ்த்துரை போட்ட வழுவழு புத்தகம். டெபாசிட் போன வேட்பாளரோட போஸ்டர் வராது. கிளைத் தேர்தல்ல ஒருத்தர ஒருத்தர் கிழிச்சு அடிச்ச மொட்டை நோட்டீஸ் வராது. எழுத்துப்பிழையோட அவசரத்துல அடிச்ச வேலைநிறுத்த அறிவிப்பு வரவே வராது. கேட்டா "அது எதுக்கு தம்பி, அசிங்கமா இருக்கும்"னு சொல்லிட்டு, அடுத்த வாரம் ஸ்டோர் ரூம் க்ளீன் பண்றேன்னு "சுராட் காபார் லாமா"ன்னு (பழைய பேப்பர்) மைக்ல கத்திக்கிட்டு வர்ற லோரியில ஏத்தி விட்டுடறீங்க.

எங்களுக்கு வேணும்கறது அந்த லோரியில போறதுதான்.

ஏன்னு சொல்றேன். 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத்துல வேலைநிறுத்தம் நடந்துச்சுல்ல, ஆர்.எச். நாதன் முன்னாடி நின்னு நடத்தினது, அதுல தொழிலாளிங்க என்ன கேட்டாங்கன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடைய மூடு, புள்ளைங்களுக்கு ஒழுங்கான படிப்பு, அதோட தொரைய பாத்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும்கற வழக்கத்த எடுத்துடு. இந்த சைக்கிள் விஷயத்த படிக்கறப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிடும். ஆனா இதெல்லாம் எங்கருந்து தெரிய வருதுன்னு பாத்தா, பெரும்பகுதி வெள்ளைக்காரன் ஃபைல்லருந்துதான். நாதன கைது பண்ணி நாடு கடத்தினவங்க எழுதி வச்ச ரிப்போர்ட், அவங்க மொழியில, அவங்க பார்வையில. நம்ம கோரிக்கை எதிராளி அலமாரியில பத்திரமா இருக்கு, நம்ம அலமாரியில பொன்விழா மலர் இருக்கு.

1948 ஜூன்ல அவசரகாலம் வந்துச்சு, அடுத்த வருஷம் மே 4ஆம் தேதி தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதிய புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அப்ப ஒரு சங்க நோட்டீஸ வீட்ல வச்சிருக்கவே பயப்பட வேண்டிய காலம், தூக்கிப் போட்டாங்கன்னா புரிஞ்சுக்கலாம். இப்ப 2007 நவம்பர் 25 நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு என்ன காரணம் சொல்லப் போறோம்? ஜாலான் அம்பாங் பக்கம் அத்தன ஆயிரம் பேரு நின்னாங்க, காந்தி படத்த தூக்கிப் பிடிச்சாங்க, கண்ணீர்ப்புகைய வாங்கினாங்க. போட்டோ நெறைய இருக்கு. அன்னிக்கு கையில இருந்த அட்டை, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கைமாறின துண்டு நோட்டீஸ், அதெல்லாம் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயாவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

நீங்க ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நெனைக்கற தாள்ல எங்களுக்கு என்னென்ன கெடைக்குதுன்னும் சொல்லிடறேன். மொதல்ல அடி ஓரம். 1954ஆம் வருஷத்துத் தேர்தல் குற்றச் சட்டப்படி போஸ்டர்ல அச்சடிச்சவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருக்கணும். ஆள புடிக்கறதுக்காகப் போட்ட சட்டம்தான், ஆனா எங்களுக்கு அந்தப் பொடி எழுத்து வரிதான் தங்கம், எந்த ரோட்டுல எந்த அச்சகம் யாருக்கெல்லாம் அடிச்சுது, ஒரே அச்சகம் எதிரெதிர்க் கட்சி ரெண்டுக்கும் அடிச்சுதா (அடிச்சிருக்கும், வியாபாரம்தான) எல்லாம் அதுலருந்து புடிக்கலாம். இந்த வரிய கத்திரிச்சுட்டு ஃப்ரேம் போட்டுக் குடுக்கறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல. அப்புறம் எழுத்து. முன்னாடி சுழிச்ச பழைய 'லை', 'னை' இருந்தா பெரும்பாலும் எம்பதுகளுக்கு முந்தினதுன்னு ஒரு கணக்கு, ஏன்னா சீர்திருத்த எழுத்து தமிழ்நாட்டுலயே 1978லதான் அரசாணையாச்சு, இங்க ஈய எழுத்து வச்சிருந்த அச்சகத்துல எல்லாம் மாத்த இன்னும் நாளாச்சு. அப்புறம் சின்னம். அப்ப ஆட்சியில இருந்த கூட்டணிக் கட்சியோட பாய்மரக் கப்பலா, சோசலிஸ்ட் முன்னணியோட காளை மாட்டுத் தலையா, ஜசெகவோட ராக்கெட்டா, எத எவ்ளோ பெருசா போட்டாங்கன்னு பாத்தாலே படிக்கத் தெரியாத ஓட்டுக்காரங்களுக்கு எப்படிப் பேசினாங்கன்னு தெரியும்.

கிழிஞ்சிருந்தாலும் குடுங்க. 2018 தேர்தல்ல ஜொகூர்ல பில்போர்ட்லருந்து எதிரணித் தலைவரா நின்ன மகாதீர் முகத்த மட்டும் வெட்டி எடுத்தாங்களே, அந்த ஓட்டையோட இருக்கற போர்டு, முழு போர்ட விட எவ்ளோ பேசும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, உங்க சந்தேகத்துக்கு வர்றேன். "எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் பக்கத்துலயா எங்கள வைப்பீங்க?" ஆமா, பக்கத்துலதான், வருஷப்படி அடுக்கறோம், 1969னா எல்லாரும் ஒரே டிராயர்தான். அங்கயும் சண்டை போட்டா நாங்க என்ன பண்றது. "பிரச்சனை வருமா?" இத சிரிச்சுட்டு ஒதுக்க மாட்டேன், நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கு, பயம் நியாயம்தான். குடுத்தவங்க பேரு வெளிய வேணாம்னா போட மாட்டோம், இத்தன வருஷத்துக்கு வெளிய காட்டாதீங்கன்னு சொன்னா எழுதி வாங்கிக்கிட்டு அப்படியே மூடி வைப்போம். "யாரு பாக்கப் போறா?" கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸ், அழைப்பிதழ்னு எல்லாத்தையும் சேத்தப்பவும் இதத்தான் கேட்டிருப்பாங்க. அவர் ஒரு சைன்போர்டு ஓவியர், 1992ல போயிட்டாரு, அவர் சேத்தது இன்னிக்கு சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. நியூயார்க்ல ப்ரூக்ளின்ல இன்டர்ஃபியரன்ஸ் ஆர்க்கைவ்னு ஒண்ணு, போராட்ட போஸ்டருக்குன்னே 2011ல தொண்டூழியர்ங்க ஆரம்பிச்சது, யார் வேணாலும் உள்ள போய் பொட்டிய தொறந்து பாக்கலாம். நாங்களும் அப்படித்தான் வச்சிருக்கோம், கைய கழுவிட்டு வந்தா போதும்.

குடுக்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க. நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் பண்றீங்க தெரியும், ஆனா சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்க திரும்பப் பிரிக்கவே முடியாது, உள்ள தாள் பாட்டுக்கு மஞ்சளாகிட்டே இருக்கும், மலிவு மரக்கூழ் பேப்பர்ல லிக்னின் இருக்கு, அது நம்மூர் ஈரத்துல சும்மா இருக்காது. செலோடேப் அதவிட மோசம், பசை தாளுக்குள்ள எறங்கி பழுப்பா நின்னுடும். மடிக்காம பெருசா சுருட்டி, தரையில வைக்காம (கரையான்) கொண்டாங்க, ராமபாணப் பூச்சி அரிச்ச ஓட்டைய பத்திக் கவலப்படாதீங்க. பேனா வேணாம், பென்சில்ல பின்னாடி மெதுவா எழுதுங்க: எந்த ஊரு, எந்த வருஷம், யாரு ஒட்டினா. பசை வாளி தூக்கிட்டு ராத்திரி சுத்தினவங்க இப்ப எழுபது எம்பது வயசுல இருக்காங்க, அவங்கள ஒரு தடவ உக்கார வச்சுக் கேட்டுட்டீங்கன்னா எங்க வேலையில பாதி முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, இது செலவில்லாதது. அடுத்த பொதுத்தேர்தல் 2028 ஆரம்பத்துக்குள்ள வந்தாகணும். தமிழ்ல அடிக்கற ஒவ்வொரு போஸ்டர், நோட்டீஸ், பேனர்லயும் ரெண்டு காப்பிய ஒட்டறதுக்கு முன்னாடியே ஒதுக்கி வைங்க, வாட்ஸ்அப்ல மட்டும் சுத்தறதா இருந்தா ஃபார்வர்ட் ஆகி ஆகி மங்கினது இல்லாம வடிவமைச்சவர்கிட்டருந்து ஒரிஜினல் ஃபைல வாங்கி வைங்க. உங்க கிளைக் கூட்ட அஜெண்டாவுல "இதர விஷயங்கள்"ல போட்டாக்கூட போதும். யாரு பொறுப்புன்னு ஒரு பேர மட்டும் மினிட்ஸ்ல எழுதி வைங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை தொண்டூழியர் ஒருத்தர், கோலாலம்பூர்