விவாகரத்துத் தீர்ப்பின் நகலை எங்கே போய்க் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சைதாப்பேட்டையில் இருக்கிறேன். வயது 57. ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது தொழில். 1999-ல் எனக்கு விவாகரத்து ஆனது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று கைக்கு வர, இப்போது ஏழு மாதம் அலைந்தேன். என் வயதில், என் நிலையில் இருக்கும் பெண்கள் இந்த ஊரில் நிறையப் பேர். எங்கே போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா மத்திய அரசுத் துறை ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2011-ல் அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அம்மாவும் போன வருஷம் தை மாதம் தவறிவிட்டார். விவாகரத்தான மகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று மத்திய அரசு 2004-லேயே ஆணை போட்டிருக்கிறது. அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்காவது போட்டிருக்க வேண்டும். சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். எனக்கு எல்லாம் பொருந்தியது. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர், "டிகிரி காப்பி வைக்கணும்மா. சர்டிஃபைடு காப்பி. ஜெராக்ஸ் செல்லாது" என்றார். விவாகரத்துத் தீர்ப்பாணையைத்தான் டிகிரி என்கிறார்கள். நீதிமன்றமே முத்திரை போட்டுக் கொடுப்பது சர்டிஃபைடு காப்பி.

என்னிடம் ஜெராக்ஸ்கூட இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த காகிதமெல்லாம் மறுநாள் களியாகக் கிடந்தது. தொலைந்த ஆவணங்களுக்காக அரசு அப்போது சிறப்பு முகாம் நடத்தியது. அதில் போய் ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். தீர்ப்பு நகல் என்று ஒன்று போய்விட்டதே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பதினாறு வருஷமாக அதை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துப் பார்க்கவில்லை.

முதலில் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பும் இறப்பும் மட்டும்தான் எங்களிடம் என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். திருமணப் பதிவு எங்களிடம், விவாகரத்து இல்லை என்றார்கள். தாலுகா ஆபீசிலும் கையை விரித்தார்கள். மூன்று இடத்திலும் சொன்னது சரியான பதில்தான். நம் மாநிலத்தில் விவாகரத்துக்கென்று தனியாகப் பொதுப் பதிவேடு கிடையாது. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தில் மட்டும்தான் அது இருக்கும். ஒரு காலி மனையின் வில்லங்கத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்த்துவிட முடிகிற இந்தக் காலத்தில், ஒரு பெண்ணின் விவாகரத்தைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிப் பார்க்க முடிவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடு என்று தெருவில் ஒருவர் சொன்னார். அதுவும் நடக்காது. நீதிமன்ற ஆவணத்தின் நகலை அந்த நீதிமன்ற விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே முதல் கேள்வி, எந்த நீதிமன்றம்? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சென்னைக்காரர்கள் என்றால் உடனே பாரிமுனைக்குப் போய்விடுகிறார்கள். உயர்நீதிமன்ற வளாகத்தில் குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது, மாநகர எல்லைக்குள் நடந்த வழக்குகள் அங்கேதான். ஆனால் குடும்பநல நீதிமன்றம் வருவதற்கு முன்பு நகர உரிமையியல் நீதிமன்றம்தான் இந்த வழக்குகளை நடத்தியது. ரொம்பப் பழைய வழக்கு என்றால் அங்கே கேட்க வேண்டும். நகலுக்காகக் காத்திருந்தபோது ஒரு கிறிஸ்தவப் பெரியவரைச் சந்தித்தேன். 2001-க்கு முன் கிறிஸ்தவர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர்நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதனால் அவர் இரண்டு இடத்துத் தாள்களையும் தேடிக்கொண்டிருந்தார்.

என் வழக்கு சென்னையிலேயே நடக்கவில்லை. 1996-ல் நான் சைதாப்பேட்டையில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். ஆனால் அப்போதைய இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்த இடம், எதிர்த் தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று பார்த்துத்தான் மனு போட வேண்டும். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று சட்டம் மாறியது 2003-ல். எனவே சென்னையை ஒட்டிய ஒரு ஊரில் உள்ள சார்பு நீதிமன்றத்துக்கு, வாய்தாவுக்கு வாய்தா அம்மாவும் நானும் காலை வண்டி பிடித்துப் போய் வந்தோம். ஊர் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் வக்கீல் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. வழக்கு எண் எனக்குத் தெரியவில்லை.

அந்த நீதிமன்ற அலுவலகத்தில் என் பெயரையும் கணவராக இருந்தவர் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடுத்தேன். "நம்பர் இல்லாம எதைத் தேடுறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் அதே பதில். நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் ஈ-கோர்ட்ஸ் செயலியில் அண்ணன் மகன் தேடிப் பார்த்தான். இப்போது நடக்கும் வழக்குகளுக்கு அது நல்ல வசதி. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டாலோ, கட்சிக்காரர் பெயரைப் போட்டாலோ விவரம் வந்துவிடுகிறது. என் பழைய வழக்கு அதில் ஏறவே இல்லை. வெளியே மரத்தடியில் ஒருவர், எட்டாயிரம் கொடுங்க, ஒரு வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்றார். மூன்று மாதத் தையல் கூலி அது. கொடுக்காமல் வந்துவிட்டேன்.

வழக்கு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என் அம்மா.

அவர் சேலைகளை எடுத்துக் கொடுப்பதற்காகப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பரணில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பிய பெட்டி அது. அடியில் பழைய முருகன் காலண்டர் தாள் விரித்திருந்தது. அதைத் தூக்கினால், நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. பழுப்பேறி, மடிப்பில் கை பட்டாலே உதிர்ந்தது. பிரித்துத் தரையில் வைத்துப் படித்தேன். மேலே நீதிமன்றத்தின் பெயர். அதன் கீழே எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) என்று போட்டு எண், வருஷம். மனுதாரர் என்று என் பெயர், எதிர்மனுதாரர் என்று அவர் பெயர். "காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ ஆஜராக வேண்டியது. தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்" என்று முடிந்திருந்தது. அவர் சம்மனை வாங்காமல் தட்டிக் கழித்தபடியால், தமிழ் நாளிதழில் விளம்பரம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த விளம்பரச் செலவுக்கு அம்மா தன் மூக்குத்தியை அடகு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறார்.

எண் கிடைத்ததும் எல்லாம் சீக்கிரம் நடந்துவிடும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள். புது மாவட்டம், புது நீதிமன்றம் என்று வரும்போது எல்லை மாறுகிறது, வழக்குக் கட்டுகள் இடம் மாறுகின்றன, போன இடத்தில் புது எண் போடுகிறார்கள். என் வழக்குக்கும் அதுதான் நடந்திருந்தது. வயதான குமாஸ்தா ஒருவர் பழைய பதிவேட்டை விரித்து, விரலை வரிவரியாக ஓட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த மாற்றல் குறிப்பைக் காட்டினார். அவர் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்காவிட்டால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

அப்புறம் நகல் மனு. வழக்கில் நீங்களே ஒரு தரப்பு என்றால் வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே போடலாம். வழக்கு எண், இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, என்னென்ன நகல் வேண்டும் என்று எழுதி, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தீர்ப்பு வேறு, டிகிரி என்கிற தீர்ப்பாணை வேறு. இரண்டையும் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகலாகக் கேளுங்கள். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். அது சரியான ஏற்பாடுதான். குடும்ப வழக்கைக் கண்டவர்கள் எடுத்துப் படிக்கக் கூடாது.

மனு கொடுத்ததோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. ரெக்கார்டு ரூமிலிருந்து கட்டு வந்த பிறகு, எத்தனை பக்கம், எவ்வளவு ஸ்டாம்ப் தாள் என்று கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் தாளைக் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. எனக்கு ஒரு தடவை அப்படித் தள்ளுபடியானது. தீபாவளித் தையலில் இருந்த நான் ஒன்பது நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து மனு.

கடைசியில் நகல் கையில் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நீதிமன்ற முத்திரை. கடைசிப் பக்கத்தின் பின்புறம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மையில் எழுதிய தேதி. வாங்கும்போது அந்த ஐந்து தேதியும் இருக்கிறதா, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, இரண்டு பெயரிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஜன்னலில் நின்றபடியே பார்த்துவிடுங்கள். கணவராக இருந்தவரின் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததை நான் அங்கேயே சொல்லித் திருத்திக்கொண்டேன்.

பஞ்சாயத்தில் பேசி, ஸ்டாம்ப் பேப்பரில் விடுதலைப் பத்திரம் எழுதி அத்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு எந்த நீதிமன்றத்திலும் பதிவு இருக்காது. சாதி வழக்கத்தில் அப்படி உண்டு என்று நிரூபித்தால்தான் சட்டம் ஏற்கும். அலுவலகங்கள் தீர்ப்பாணைதான் கேட்கும். ஆகவே வக்கீலைப் பாருங்கள். பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். உயர்நீதிமன்ற வளாகத்திலேயே மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எனக்கு ஐந்தாவது மாதத்தில்தான் இது தெரிந்தது.

அலுவலகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விவாகரத்து ஆவணம் தேவையில்லை என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் விதியை எளிதாக்கிவிட்டது. மற்ற இடங்களிலும் உண்மையில் தேவையா என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்கலாம், அல்லது ஐந்து வருஷம் கைவிடப்பட்டிருந்தாலும் போதும் என்றுதான் விதி. ஆனாலும் தீர்ப்பு நகல் இல்லை என்று திரும்பி வந்த பெண் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள்.

நீதித்துறையிடம் என் கோரிக்கை பெரியதல்ல. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் பழைய குடும்ப வழக்குகளுக்குப் பெயர் அகரவரிசையில் ஒரு பட்டியல் எடுங்கள். வெளியார் பார்க்க வேண்டாம், வழக்கின் தரப்பினர் அடையாள அட்டை காட்டிக் கேட்டால் அலுவலரே பார்த்து எண்ணைச் சொன்னால் போதும். எந்த வருஷத்துக் கட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போனது என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள். இந்து திருமணச் சட்டம் 23-ம் பிரிவில், விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை வக்கீல் கையில் கொடுப்பதோடு விடாமல், அந்தப் பெண்ணையே அழைத்து அவள் கையில் கொடுங்கள்.

நகல் பிரிவு வராந்தாவில் வில்லிவாக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவரோடு பழக்கமானது. வயது 68. அவருக்கும் வழக்கு எண் தெரியாது. 1994 சித்திரையிலோ வைகாசியிலோ பேப்பரில் விளம்பரம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. வருகிற புதன்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே கிடைக்காவிட்டால் உங்கள் அலுவலகத்தில் உள்ள அந்த இரண்டு மாத இதழ்களைப் புரட்டிப் பார்க்க எங்களுக்கு அனுமதி தர வேண்டும், ஐயா. மடித்தால் உதிரும் தாளைத் தொடத் தெரியும் எனக்கு. பத்திரமாகப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சைதாப்பேட்டை, சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)